எண்ணாக மறுத்த எழுத்து

அந்தச் சட்டகம் ஒரு பழைய துணிப்பையில் சுற்றப்பட்டு எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது. ஒரு முழ அகலம் இருக்கும். தட்டையான இரும்புப் பட்டைகள். அவை சேரும் இடங்களில் போல்ட்டும் நட்டும். சாப்பாட்டு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு அதை மேசைமேல் வைத்த அக்கா, விரல் நுனியால் ஒரு மூலையைத் தொட்டார். அசையக் கூடாத அது அசைந்தது. நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு மறுபடியும் தொட்டார். மறுபடியும் அசைந்தது, கீச்சிடாமல், முரண்டு பிடிக்காமல், எண்ணெய் விட்ட கதவைப்போல. அப்போது அவர் முகத்தில் நான் கண்டது அச்சமன்று. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பயணியின் முகம் அது. சத்தம்போட்டு வண்டியை நிறுத்தும் முகமும் அன்று. அடுத்த நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டும் என்று யோசிக்கும் முகம்.

நான் அவரை அக்கா என்றுதான் அழைத்தேன். வயதில் சற்றே மூத்தவர். மற்றபடி எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. நசரத்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இருவரும் கணிதம் கற்பித்தோம். பருத்திப்பட்டில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம் அவருடையது. வயல் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, குடும்பத்தில் ஒருவர் லாரி ஓட்டவும் ஒருவர் பள்ளியில் வேலை பார்க்கவும் போய்விட்ட காலத்தில் கணிதம் படித்தவர். நானோ வேலையின்பொருட்டுத் தென்மாவட்டத்திலிருந்து வந்து திருமுல்லைவாயிலில் வாடகை வீட்டில் குடியேறியவள். வகுப்பில் அவர் பேசும் தமிழ் அச்சடித்ததுபோல இருக்கும். கரும்பலகையைத் துடைத்துவிட்டு வெளியே வந்ததும், சுண்ணப்பொடியைப் புடவையிலிருந்து தட்டிவிடுவதுபோல அந்தத் தமிழையும் தட்டிவிட்டு, "வா பா, இன்னாத்தயாவது துன்னுட்டு வருவோம்" என்பார். முதல் சில மாதங்கள் அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. என் பேச்சின் இழுவையை அவர் நாள்தோறும் நடித்துக் காட்டுவார்.

இருவரும் ஒரே நெறியாளரிடம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தோம். கல்லூரி நிர்வாகம் ஒரு கெடு வைத்திருந்தது. அதற்குள் பட்டம் பெறாதவர்கள் உதவிப் பேராசிரியர் பதவியில் நீடிக்க முடியாது. வேண்டுமானால் ஆய்வகப் பயிற்றுநராக இருந்துகொள்ளலாம். ஆகவே ஆராய்ச்சி என்பது எங்களுக்கு அறிவுத் தாகம் மட்டுமன்று, வேலையைக் காத்துக்கொள்ளும் வழியும்தான். விடைத்தாள் திருத்தல், தேர்வுக் கண்காணிப்பு, தரச்சான்றுக் குழு வருகிறதென்று கோப்புகளுக்கு அட்டை போடுதல், இவற்றின் இடுக்குகளில் மிஞ்சிய நேரத்தில் நாங்கள் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டினோம். அந்த நாள்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது களைப்புதான். கணிதம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எங்கள் இருவருக்கும் வேண்டியிருந்தது, கையால் போட்டால் ஆயுள் முழுதும் போதாத இயற்கணிதக் கணக்குகளைக் கணிப்பொறியில் போட்டுத்தரும் ஒரு மென்பொருள். விலைக்கு விற்பவை இருந்தன. அவற்றின் உரிமத்துக்குப் பணம் தர நிர்வாகம் மறுத்துவிட்டது. இலவசமான ஒன்றை அக்காதான் கண்டுபிடித்தார். எங்கெங்கோ உள்ள பல்கலைக்கழகங்களின் கணிதவியலாளர்கள் தம் சொந்த ஆராய்ச்சிக்கென்று பல ஆண்டுகளாகச் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது அது. பொத்தான்கள் கிடையா, படங்கள் கிடையா. கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். நாம் எழுதினால் அது பதில் எழுதும். கணினித் துறை நண்பர்கள் அதை 'ஓசி சாஃப்ட்வேர்' என்றே அழைத்தார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவன் வந்து பந்தியில் உட்கார்ந்ததைப் போன்ற ஏளனம் அந்தச் சொல்லில் இருந்தது. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "ஓசில வந்துது, அதான் அளந்து பேசுது. கேட்டத மட்டுந்தான் சொல்லும். உங்கள மாரியா?" என்பார்.

அவருடைய ஆய்வுப் பொருளைக் கணிதம் அறியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். பட்டைகளை நட்டு போட்டுக் கோத்துச் சட்டகம் ஒன்று செய்கிறோம். சில சட்டகங்கள் விறைத்து நிற்கும், சில ஆடும். அக்கா எடுத்துக்கொண்ட வகையில் நீளப்பட்டை, குட்டைப்பட்டை என இரண்டு அளவுகள் உண்டு. நீளம் குட்டையைப்போல எத்தனை மடங்கு என்பதை 'கே' என்ற எழுத்தால் குறித்தார். கேயின் மதிப்பு ஒன்றைவிடப் பெரிதாக எதுவாக இருந்தாலும் அந்தச் சட்டகம் ஆடாது என்பது அவருடைய தேற்றம். ஆய்வேட்டின் முதுகெலும்பே அதுதான். எண்களைக் கணினியே குலுக்கிப்போட்டுத் தர, அவற்றையெல்லாம் வைத்துச் சோதித்தும் பார்த்திருந்தார். ஒன்றிலும் ஆடவில்லை. ஆய்வேட்டின் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. வாய்மொழித் தேர்வில் கையில் எடுத்துக் காட்ட ஒரு மாதிரி இருந்தால் நன்றாயிருக்கும் என்று நெறியாளர் சொன்னார்.

அக்காவின் கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தார். நான் அண்ணன் என்று அழைக்கும் அவர்தான் அந்த மாதிரியைச் செய்து பையில் போட்டுக் கொடுத்தவர். ஆசிரியர் அறையில் அது ஆடிய அந்த வாரத்தின் இறுதியில் நான் பருத்திப்பட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து நடுவில் சட்டகம் கிடந்தது. அதைச் சுற்றி, பழுதான மின்விசிறியைப் பார்ப்பதுபோல இருவரும் குந்தியிருந்தார்கள்.

"இன்னாமே, ஆடாது ஆடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்த. இது ஊஞ்சலாட்டம் ஆடுது," என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எங்கயோ நாந்தான் சொதப்பிட்டேன் போலக்கீது மேடம்" என்றார்.

எவ்வளவு நீளத்துக்கு வெட்டினாய் என்று அக்கா கேட்டார். அண்ணன் சங்கடத்தோடு சொன்னார்: "பெரிசு ஒண்ண வெட்டிகினேன். சின்னதுக்கு அதையே சரிபாதியா கோடு போட்டு வெட்டிட்டேன். தனித்தனியா அளக்கற வேல மிச்சம்னு."

அக்கா நீளப்பட்டையில் ஒரு விரலும் குட்டைப்பட்டையில் ஒரு விரலும் வைத்தார். பிறகு, "கே ரெண்டு" என்றார், எங்கள் இருவரிடமும் அன்றித் தமக்குத் தாமே. குலுக்கிப்போட்ட எண்கள் எவற்றிலும் இரண்டு வந்ததில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் நீண்ட வாலோடு வருபவை அவை; மனிதன் சோம்பலால் தேர்ந்தெடுக்கும் எண் அவற்றில் எப்படி வரும்?

மறுநாள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் கே என்ற எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு என்று எழுதினார். அதே மென்பொருள், அதே சமன்பாடுகள், ஓர் எழுத்துக்குப் பதிலாக ஓர் எண். விடை தலைகீழாக வந்தது: சட்டகம் ஆடும். அப்படியானால் எழுத்தை வைத்துக் கேட்டபோது ஆடாது என்று ஏன் சொன்னது? மென்பொருளில் பிழை இருக்கிறது என்றே இருவரும் நம்பினோம். அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் கேள்வி கேட்கும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. சம்பளமில்லாமல் யாராவது பதில் எழுதுவார்கள். அக்கா இரண்டு கணக்கையும் அங்கே இட்டார்.

பதில் வருவதற்குள் வகுப்புக்குப் போய்த் திரும்பினோம். அந்த மென்பொருளை எழுதியவர்களில் யாரோ முகம் தெரியாத ஒருவர், ஆங்கிலத்தில், சுருக்கமாக எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"இதுல தப்பே இல்லியாம் பா. கே நம்பரே இல்லன்னு நாந்தான் சொல்லிக்கீறேனாம்."

அது உண்மைதான். கணக்கின் முதல் வரியில், எந்தெந்த எழுத்துகள் வரப்போகின்றன என்று அந்த மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஓர் இடத்தில் எழுதினால் கேயும் எண்ணாகக்கூடியது என்று எல்லா வாய்ப்புகளையும் அது தேடும். எங்கள் ஆய்வகத்தின் கிழட்டு இயந்திரங்கள் அந்தத் தேடலில் மூச்சடைத்து உறைந்து நின்றுவிடும். மற்ற இடத்தில் எழுதினால் கேயை எந்த எண்ணுக்கும் சமமாகாத வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு சட்டென்று முடித்துவிடும். ஆகவே நாங்கள் எல்லோரும் இரண்டாம் இடத்தில்தான் எழுதிவந்தோம். எழுத்து ஒருநாளும் எண்ணாகாது என்றால், அதிலிருந்து இரண்டைக் கழித்தால் ஒருநாளும் பூஜ்யம் வராது. பூஜ்யம் வராத ஒன்றால் வகுக்கத் தடையென்ன? கணக்கின் நடுவே எங்கோ ஓரிடத்தில் அது அப்படி வகுத்துவிட்டு, சொல்லாமல் மேலே போயிருந்தது. பள்ளிப் பிள்ளையிடம் நாங்கள் ஆயிரம் முறை சொல்லும் எச்சரிக்கை, பூஜ்யத்தால் வகுக்காதே என்பது. எங்கள் கட்டளைப்படியே அது மீறப்பட்டிருந்தது.

இந்தச் செய்தி நெறியாளருக்குப் போனது. அவர் கெட்டவர் அல்லர். பல மாணவர்களையும் பல குழுக்களையும் சுமந்துகொண்டிருந்த, எங்களைவிடக் களைத்த மனிதர். கணிதத்தில் 'பொதுவாக' என்று ஒரு சொல் உண்டு. சில விதிவிலக்கான இடங்கள் தவிர மற்ற எங்கும் உண்மை என்பது அதன் பொருள். தேற்றத்தின் முன்னால் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் தேற்றம் பிழைத்துவிடும் என்றார். பொய்யும் ஆகாது. நானும் அதையே சொன்னேன். வழக்கமாக எல்லோரும் செய்வது அது.

அக்கா அன்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொதுவாகன்னு போட்டா தப்பில்ல சார். ஆனா அந்த ரெண்டுல மட்டும் அது ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியலயே. தெரியாத எடத்துக்கு மேல ஒரு வார்த்தைய மூடிவெச்சிட்டு, நான் இத முடிச்சிட்டேன்னு எப்பிடி சார் சொல்றது?"

கல்லூரி முதல்வர் வேறொரு வழி காட்டினார். மென்பொருளின் பிழையால் ஆய்வு தாமதமாகிறது என்று விளக்கம் எழுதிக்கொடுத்தால் கெடுவை நீட்டித்துத் தர நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார். ஓசியில் வந்ததை நம்பினால் இப்படித்தான் என்று கூடவே ஓர் ஆறுதலும் சொன்னார். அக்கா அதையும் மறுத்துவிட்டார். தவறு மென்பொருளில் இல்லை. இல்லாத தவறை அதன்மேல் எப்படி எழுதுவது, அதை உருவாக்கிக்கொடுத்தவர்களில் ஒருவர்தானே நமக்கு மெனக்கெட்டுப் பதிலும் சொன்னார் என்றார். எனக்கு அப்போது கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு கதவுகள் திறந்திருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் வரும் கோபம். நேர்மை என்று அதைப் போற்றியவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மை என்ற அகன்ற சொல்லுக்குள் அடங்குவதாகத் தோன்றியதில்லை. அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாததைத் தாண்டிக் கால் எடுத்து வைக்க அவருக்கு வரவில்லை.

சுருக்கத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்ட அதே வாரத்தில்தான், ஒரு சனிக்கிழமை முற்பகல், என் ஆய்வேட்டை எடுத்துவரச் சொன்னார். என் சமன்பாடுகள் வேறு. ஆனால் நானும் அதே முதல் வரியை, அதே இடத்தில், அவரைப் பார்த்தே எழுதியவள். எனக்கு அது உறைக்கவே இல்லை, அவருக்கு உறைத்திருந்தது. ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் மென்பொருள் எதனால் வகுத்தது என்று தோண்டித் தோண்டிப் பார்த்தார். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதிலும் விலக்கான இடங்கள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே வரும் குறையெண்கள். என் கணக்கில் அந்த எழுத்து ஒரு தூரத்தைக் குறித்தது; தூரம் குறையெண்ணாக இருக்க வழியில்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "உன்னுதுல அந்த எடம் வரவே வராது. நீ போ" என்றார். பொறாமையோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. வெள்ளம் வடிந்தபின் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் புகவில்லை என்று உறுதி செய்துகொண்ட குரல்தான் இருந்தது.

நான் போனேன். வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோருக்கும் சமோசாவும் காபியும் எடுத்துக் கொடுத்தவர் அக்கா. கெடு முடிந்ததும் நான் பதவியில் நீடித்தேன். அவரை ஆய்வகப் பயிற்றுநராக மாற்றினார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கறுப்புத் திரையைக் கற்றுக்கொடுத்தபடி சில ஆண்டுகள் இருந்தார். நாங்கள் ஒரே பேருந்தில் வந்தோம், ஒரே மேசையில் சாப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் கையெழுத்திடும் பக்கம் வேறாகியிருந்தது. பிறகு மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று வேலையை விட்டார். இப்போது பருத்திப்பட்டு வீட்டின் மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்.

எனக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்று பல முறை யோசித்திருக்கிறேன். இருவரும் ஒரே வரியை எழுதினோம். என் கணக்கின் விலக்கான இடம் ஓர் அர்த்தமற்ற எண்ணில் போய் விழுந்தது; அவருடைய இடம், ஒரு பட்டறைக்காரர் அளவெடுக்கச் சோம்பினால் தானாக வரும் எண்ணில் விழுந்தது. திறமையோ உழைப்போ இதில் எங்கும் இல்லை. இன்று என் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த முனைவர் என்ற சொல்லை யாராவது அழுத்திச் சொல்லும்போது, பெருமையைவிட அயர்ச்சியே முதலில் வருகிறது.

இப்போது நானே நெறியாளராக அங்கீகாரம் பெற்றிருக்கிறேன். ஒரு நெறியாளர் இத்தனை பேரைத்தான் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் வரையறுத்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாலை, பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் அக்காவோடு நடக்கும்போது, என்னிடம் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது.

அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்கிட்டயா? அப்ப நான் உன்ன மேடம்னு கூப்டணுமா?"

"நான் உங்களை அக்கான்னு கூப்பிடுறதை நிறுத்துற அன்னைக்குக் கூப்பிடுங்க," என்றேன்.

சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்தோம். எதிரே கையை வீசி வேகமாக நடப்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினோம். பிறகு சொன்னார்: "ரெண்டுல ஏன் ஆடுதுன்னு தெரியட்டும் பா, வரேன். தெரியாம வந்து உன் எடத்த அடச்சிகினு இன்னா பண்றது?"

இத்தனை ஆண்டுகளில் வேறு யாராவது அதைக் கண்டுபிடித்திருக்கலாம். இப்போதுள்ள கணினிகள் பழைய இயந்திரங்கள் திணறியதை ஒரு நொடியில் முடித்துவிடும். கேயையும் எண்ணாகவே விட்டுத் தேடச் சொன்னால் தேடும். நானே போட்டுப் பார்த்தேன். இரண்டில் மட்டும் ஆடும் என்று தெளிவாகச் சொன்னது. ஆடும் என்பதைச் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அது அதன் வேலையும் அன்று.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்திலிருந்து அழைக்கிறார்கள். மேடம், உங்களிடம் ஓர் இடம் காலியாகவே இருக்கிறதே, கல்லூரியின் மதிப்பெண் குறைகிறதே, கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்புகிறீர்களாமே என்கிறார்கள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறார் என்கிறேன். பெயரைக் கொடுங்கள் என்கிறார்கள். வந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில், மாடியில் பிள்ளைகள் போனபிறகு, அக்காவிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. கணக்குத்தாள் ஒன்றில், இரண்டில் ஏன் ஆடுகிறது என்பதற்குப் புதிதாக ஒரு வழி, மேலிருந்து கீழே வரை அவருடைய அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில். நான் தேநீரை வைத்துவிட்டு வரிவரியாகப் படிக்கத் தொடங்குவேன். பாதி படிப்பதற்குள் கீழே அடுத்த செய்தி வந்து நிற்கும்: "இதுவும் இல்ல பா."